சூடானால் இழுக்கும் கிளட்ச்: ஐந்து கியருக்கு மாற்றிய எம்ஜிபி காரில் பைலட் புஷ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு கியர் கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திய பிறகு தோன்றிய ஒரு கோளாறு, அதன் காரணத்தைத் தேடிய முறை, பைலட் புஷ்ஷை மாற்றிச் சரிசெய்த வேலை ஆகியவற்றை இந்த ஆய்வு விவரிக்கிறது. கியர் பெட்டி மாற்றத்தில் பெரும்பாலானோரின் கவனம் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு), கியர் லிவரின் இடம், புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் ஆகியவற்றிலேயே நின்றுவிடுகிறது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் விரல் நுனியளவு துளைக்குள் உட்கார்ந்து, கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் இந்தப் பைலட் புஷ், பெட்டியோடு வந்த பாகம்தானே என்று சோதிக்கப்படாமலேயே உள்ளே போய்விடுகிறது. அந்தப் புஷ்ஷின் உள்விட்டத்தைக் கையில் வைத்து அளந்து பயனில்லை, கிராங்குக்குள் அழுத்திய பிறகு அளப்பதே கணக்கு என்பதை இந்த வண்டி தெளிவாகக் காட்டியது.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. அதன் 1798 சிசி இன்ஜினில் 1964 இறுதி வரை மூன்று மெயின் பேரிங்குகளும் அதன்பின் ஐந்தும் இருந்தன. இந்த இரு வகைகளிலும் கிராங்கின் பின்துளை ஒன்றல்ல என்பதால், மாற்றம் செய்பவர் தன் இன்ஜின் எது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே பேசப்படும் வண்டியில் இருந்தது ஐந்து பேரிங் இன்ஜின். ஓவர்டிரைவ் (கூடுதல் உயர்வேக விகிதம்) இல்லாத அதன் மூலப் பெட்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்று சுழல வேண்டும். டைப் 9 பெட்டியின் ஐந்தாவது கியர் விகிதம் 0.82 என்பதால் அதே வேகத்தில் அது 2,850 அளவுக்கு இறங்குகிறது. நெடுஞ்சாலைப் பயணத்துக்காக இந்த மாற்றத்தைப் பலரும் நாடுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

எம்ஜிபியின் மூலப் பெட்டியில் பெல் ஹவுசிங் பெட்டியின் உடலோடு ஒரே வார்ப்பாக இருக்கும். டைப் 9 பெட்டியில் அது கழற்றக்கூடிய தனிப் பாகம். ஆகவே மாற்றுத் தொகுப்பில் எம்ஜி இன்ஜினுக்கும் ஃபோர்டு பெட்டிக்கும் இடையே பொருந்தும் புதிய அலுமினிய ஹவுசிங் ஒன்றும், ஃபோர்டு ஷாஃப்ட்டின் 23 பல் ஸ்ப்ளைனுக்கு (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஏற்ற மையம் கொண்ட கிளட்ச் பிளேட்டும், எம்ஜி கிராங்கின் பெரிய துளைக்கும் ஃபோர்டு இன்புட் ஷாஃப்ட்டின் 15 மில்லிமீட்டர் மூக்குக்கும் இடையே நிற்கும் தடித்த சுவர் கொண்ட வெண்கலப் புஷ்ஷும் வந்திருந்தன. மாற்றத்தைச் செய்தது வேறொரு பட்டறை.

குறை எழுந்த விதம்

உரிமையாளர் சொன்னவை மூன்று. குளிர்ந்த நிலையில் வண்டி நன்றாகவே ஓடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பெடலை முழுதாக மிதித்துக் காத்திருந்தாலும் ரிவர்ஸ் கரகரவென்று அரைக்கும். முதல் கியரில் பெடலை மிதித்தபடி சிக்னலில் நின்றால் மெல்லிய கிறீச்சொலி ஒன்று எழும், நியூட்ரலுக்குத் தள்ளிப் பெடலை விட்டதும் அது மறையும். மாற்றம் செய்த பட்டறை, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று முடிவு செய்து பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகக் கிளட்ச்சுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் ஏற்கெனவே மாற்றியிருந்தது. அந்த முடிவு பொருந்தாத ஒன்றல்ல; ரிவர்ஸ் அரைப்பதற்கு மிகப் பரவலான காரணம் அதுவே. ஆனால் எண்ணெய் அழுத்தக் குறைபாடு வண்டி குளிர்ந்திருக்கும்போது முற்றிலும் மறைந்து, சூடானதும் மட்டும் தவறாமல் திரும்பி வருவது அபூர்வம். அந்த ஒழுங்குதான் எங்கள் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பியது.

ஒலியை வைத்து இடத்தைக் குறிப்பது இந்தப் பகுதியில் ஓரளவு நம்பகமான வழி. நியூட்ரலில் பெடலை மேலே விட்டிருக்கும்போது ஒலி வந்து, மிதித்ததும் நின்றால், கியர் பெட்டிக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பெடலை இலேசாகத் தொட்டு, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொடும் கணத்திலேயே, நியூட்ரலிலும் கூட, ஒலி தொடங்கினால் அது ரிலீஸ் பேரிங். பைலட் புஷ்ஷின் நிலை வேறு. பெடல் மேலே இருக்கும் வரை கிராங்கும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுழல்வதால் புஷ்ஷுக்கும் மூக்குக்கும் இடையே உரசலே கிடையாது. பெடலை மிதித்தபின்தான் அவை பிரிகின்றன. நியூட்ரலில் மிதித்தால் ஷாஃப்ட் தன் வேகத்தில் சற்று ஓடித் தளரும். கியரில் மிதித்து வண்டியும் நின்றிருந்தால் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, புஷ் இன்ஜினின் முழு வேகத்தில் அதைச் சுற்றி ஓடும். உரசல் மிக அதிகமாக இருக்கும் அந்த நிலையில் மட்டும் ஒலி எழுந்தது, புஷ்ஷையே சுட்டியது.

இருந்தாலும் பெட்டியை இறக்குமுன் இரண்டு சோதனைகளைச் செய்தோம். ரிலீஸ் ஃபோர்க்கின் முனை நகரும் தூரத்தைச் சூடான நிலையிலும் குளிர்ந்த நிலையிலும் அளந்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன, பிளேட் விடுபடத் தேவையான அளவுக்கு மேலேயே இருந்தன. அடுத்து, வண்டி சூடாக இருக்கும்போதே இன்ஜினை நிறுத்தி, பின்சக்கரங்களைத் தூக்கித் தாங்கு கால்களில் நிறுத்தி, விகிதம் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் நான்காவது கியரில் போட்டு, ஒருவர் பெடலை மிதித்திருக்க மற்றவர் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றினார். விடுபட்ட கிளட்ச்சில் அது வழுவழுவென்று சுழல வேண்டும். இங்கே அது பிடித்துப் பிடித்து, கரடுமுரடாகச் சுழன்றது. டைப் 9 பெட்டியில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு) இல்லாததால், ஷாஃப்ட்டைச் சிறிதளவு இழுக்கும் உரசல் கூட முதலில் ரிவர்ஸில்தான் வெளிப்படும்.

பிரித்தபோது கண்டவை

இந்த வண்டியில் வழக்கப்படி இன்ஜினையும் பெட்டியையும் ஒன்றாக வெளியே எடுத்துப் பிரித்தோம். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கில் வெண்கலம் மெல்லிய படலமாக அப்பியிருந்தது. அதன் ஓரத்தில் எஃகு நீலம் பாய்ந்திருந்தது. மைக்ரோமீட்டரில் மூக்கின் சுத்தமான பகுதி 14.98 மில்லிமீட்டர் காட்டியது. கிளட்ச் பிளேட்டிலும் ஸ்ப்ளைனிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புஷ்ஷை உடனே இழுத்துவிடவில்லை. இறுக்கத்தில் இருக்கும் புஷ் வெளியே வந்ததும் சற்று விரிந்துகொள்ளும் என்பதால், உள்ளே இருக்கும் நிலையில் எடுத்த அளவுதான் அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லும். மூக்கு உரசிய பகுதி கீறலும் அப்பலுமாக இருந்ததால் அங்கே அளந்து எதையும் முடிவு செய்ய இயலாது. நல்வாய்ப்பாக, மூக்கு புஷ்ஷின் முழு நீளத்துக்கும் நுழைந்திருக்கவில்லை. உள்முனையில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குக் கடைசல் தடம் கலையாத, பொருத்திய நாளில் இருந்தபடியே மின்னிய ஒரு வளையம் எஞ்சியிருந்தது. சிறுதுளை அளவியை அங்கே விரித்து எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தபோது 14.99 மில்லிமீட்டர் கிடைத்தது. அதாவது, பொருத்திய அன்று மூக்குக்கும் புஷ்ஷுக்கும் இடையே இருந்த இடைவெளி நூறில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. இந்த அளவு மூக்குக்கு 0.03 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை இடைவெளி தேவை.

அதே தொகுப்பைச் சேர்ந்த, பொருத்தப்படாத இன்னொரு புஷ்ஷை வரவழைத்து அளந்தோம். கையில் இருக்கும்போது அதன் உள்விட்டம் 15.04, மூக்கில் போட்டுப் பார்த்தால் இதமாகச் சுழன்றது. யார் சோதித்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதன் வெளிவிட்டம் கிராங்கின் துளையைவிட 0.06 மில்லிமீட்டர் பெரியது. எஃகுக் கிராங்க் பெரிதாக விரிந்து கொடுக்காது. அழுத்தும்போது வெண்கலம்தான் உள்நோக்கிச் சுருங்க வேண்டும். இந்த விகிதத்தில் சுவர் கொண்ட புஷ்ஷில் வெளியே இருக்கும் மிகையளவு கிட்டத்தட்ட முழுவதும் உள்விட்டத்தில் குறைவாக வந்து சேரும். 15.04 ஆக இருந்தது 14.99 ஆனதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

சூட்டின் பங்கும் இதிலிருந்தே விளங்குகிறது. ஒரே அளவு சூட்டுக்கு வெண்கலம் எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெளியே எஃகுச் சுவர் தடுத்து நிற்பதால் அந்த விரிவும் உள்நோக்கியே போகிறது. 20 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய விட்டம் கொண்ட புஷ் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் இந்த வேறுபாடு நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தொடும். இருந்த இடைவெளியே அவ்வளவுதான். குளிர்ந்த நிலையில் சுழன்ற மூக்கு, சூடானதும் புஷ்ஷின் பிடியில் சிக்கியது. கிராங்க் அதை இழுத்துக்கொண்டு சுழன்றது.

அந்தப் புஷ் எந்த உலோகம் என்பதையும் பார்த்தோம். பைலட் புஷ்ஷாகப் பெரும்பாலும் பயன்படுவது, வெண்கலப் பொடியை அழுத்திச் சூளையில் கட்டிப்படுத்திய நுண்துளை உலோகம். அதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் நிறைந்த துளைகள். புஷ்ஷுக்குள் எண்ணெய் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடைத்து அழுத்தினால், வெளிச்சுவரில் எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கும். தொகுப்பின் மாதிரிப் புஷ்ஷில் ஒரு துளியும் வெளிவரவில்லை. அது திடமான வெண்கலக் கம்பியில் கடைந்தது. திட வெண்கலம் கெட்டதல்ல, ஆனால் அதற்கு மசகு வெளியிலிருந்து தரப்பட வேண்டும். இழுத்தெடுத்த புஷ்ஷில் கிரீஸின் தடயமே இல்லை.

தேய்மானத்தின் வடிவம் இன்னொன்றையும் சொன்னது. புஷ் கிராங்கோடு சுழல்கிறது. மூக்கு, கியரில் நிற்கும்போது, நிலையாக இருக்கிறது. பெல் ஹவுசிங் மையம் விலகியிருந்தால் சுமையின் திசை வண்டியைப் பொறுத்து மாறாமல் ஒரே பக்கம் நிற்கும். சுழலும் புஷ் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் கடப்பதால் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். மாறாக, புஷ்ஷே கிராங்கின் மையத்தில் இல்லாவிட்டால் சுமை கிராங்கோடு சேர்ந்து சுழலும், அப்போது புஷ் ஒரு பக்கம் மட்டும் தேயும். இந்தப் புஷ்ஷின் வாய் சுற்றிலும் சமமாக, புனல் போல அகன்றிருந்தது. ஆகவே புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு மூடினால் வேலை பாதிதான் முடியும். ஹவுசிங்கையும் அளந்தாக வேண்டும் என்று தெரிந்தது.

புதிய புஷ்

பழையதை எடுக்க, மூன்று கால் உள்புல்லரையும் சுத்தி கொண்ட இழுவைக் கம்பியையும் பயன்படுத்தினோம். துளையில் கிரீஸை நிரப்பி, பொருத்தமான கம்பியைச் சுத்தியால் தட்டிப் புஷ்ஷை வெளியே தள்ளும் முறை எளியது, பல இன்ஜின்களில் நன்றாகவே பலிக்கும். ஆனால் மூக்கு பிடித்து உள்சுவர் கீறலாகிவிட்ட புஷ்ஷில் கம்பியைச் சுற்றிக் கிரீஸ் வழிந்து அழுத்தம் ஏறாது. மேலும் ஒவ்வொரு அடியும் கிராங்கை முன்னோக்கி உந்தி, நடு மெயின் பேரிங்கில் இருக்கும் திரஸ்ட் வாஷர்களில்தான் விழும். புல்லர் இருக்கும்போது அதற்குத் தேவையில்லை.

உருளை பேரிங் போடலாமா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. ஃபோர்டு தன் இன்ஜின்களில் இந்த மூக்குக்கு நீடில் பேரிங்கையே பொருத்தியது. எம்ஜி கிராங்குக்கு ஓர் எஃகு உறையைக் கடைந்து அதற்குள் அதைப் பொருத்துவது கடினமல்ல. நான் அதை ஏற்கவில்லை. நீடில் பேரிங்குக்கு மூக்கின் மேற்பரப்பே உள்வளையம். நீலம் பாய்ந்து, உரசப்பட்ட எஃகின் மேல் ஊசிகளை ஓடவிடுவது விரைவில் குழிகளில் முடியும். மையம் சற்று விலகினாலும் புஷ் தான் தேய்ந்து ஷாஃப்ட்டைக் காக்கும். ஊசிகள் ஷாஃப்ட்டைத் தின்னும். வேறோர் இன்ஜினையும் வேறொரு பெட்டியையும் இடைத்தகடு வைத்துச் சேர்க்கும் மாற்று வேலையில் புஷ்ஷே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

நுண்துளை வெண்கலத் தண்டில் புதிய புஷ்ஷைக் கடைந்தோம். இந்த உலோகத்தைக் கடையும்போது வெட்டுமுனை மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய முனையோ எமரித் தாளோ துளைகளின் வாயை இழுத்து மூடிவிடும், பிறகு உள்ளே எவ்வளவு எண்ணெய் இருந்தும் அது வெளியே வராது. அதனால்தான் அழுத்திய பிறகு ரீமர் போட்டுத் துளையை அகலப்படுத்தும் எளிய வழியையும் தவிர்த்தோம். அதற்குப் பதிலாக, 15.04 மில்லிமீட்டர் விட்டமுள்ள, மெருகேற்றிய எஃகு மாண்ட்ரல் (அளவுத் தண்டு) ஒன்றைத் தோள்பட்டையோடு கடைந்து, புஷ்ஷை அதன்மேல் ஏற்றி, மாண்ட்ரலோடு சேர்த்தே கிராங்குக்குள் செலுத்தினோம். சுருங்க முயலும் வெண்கலம் மாண்ட்ரலின் மேல் படிந்து அதன் அளவையே ஏற்றுக்கொள்ளும். மிகையளவையும் 0.05க்குள் வைத்திருந்தோம். மாண்ட்ரலை உருவிய பின் உள்விட்டம் 15.03, இடைவெளி 0.05. இரு முனைகளிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளந்து அதே எண் வந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

செலுத்துவதற்கு முன் புஷ்ஷை எஸ்ஏஇ 30 இன்ஜின் ஆயிலில் இட்டு 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயிலேயே ஆறவிட்டிருந்தோம். ஆறும்போது துளைகளில் எஞ்சிய காற்று சுருங்கி எண்ணெயை உள்ளே இழுக்கும் என்பதால் ஆறும் நேரம்தான் இதில் முக்கியம். நுண்துளைப் புஷ்ஷில் கிரீஸ் தடவவில்லை. அதன் சோப்புப் பகுதி துளைகளை அடைக்கக்கூடும்.

மூக்கில் அப்பியிருந்த வெண்கலத்தைப் பித்தளைச் சுரண்டியால் நீக்கி, எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய தாளால் துடைத்தபோது அடியில் ஆழமான கீறல் இல்லை. அளவும் 14.98லேயே நின்றது. விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்திருந்தால் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஹவுசிங்கின் மையம்

டயல் கேஜை ஃபிளைவீலில் நிறுத்தி, அதன் முனையை ஹவுசிங்கின் பின்துளையில், அதாவது கியர் பெட்டியின் முன்பேரிங் மூடி உட்காரும் வட்டத்தில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழற்றினோம். முள்ளின் மொத்த ஆட்டம் 0.34 மில்லிமீட்டர், மைய விலகல் அதில் பாதி, 0.17. பொதுவாக ஏற்கப்படும் வரம்பு அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13. இதை மொத்த ஆட்டத்துக்கான வரம்பாகக் கொள்வோரும் உண்டு, விலகலுக்கான வரம்பாகக் கொள்வோரும் உண்டு. எந்தக் கணக்கிலும் இந்த ஹவுசிங் தேறவில்லை. நான் மொத்த ஆட்டத்துக்கே அந்த வரம்பை வைக்கிறேன். கிராங்கை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்முகத்தின் சமதளத்தையும் அளந்தோம்; அதில் குறையில்லை.

ஹவுசிங்கை இன்ஜினின் பின்தகட்டில் நிலைநிறுத்துபவை இரண்டு டவல் பின்கள். அவற்றுக்குப் பதிலாக, ஒரு பாதி மையத்திலிருந்து 0.17 மில்லிமீட்டர் விலகிய இரு பின்களைக் கடைந்து, இரண்டையும் ஒரே திசை நோக்கித் திருப்பிப் பொருத்தினோம். திசையைச் சிறிது சிறிதாக மாற்றி அளந்ததில் மொத்த ஆட்டம் 0.08க்கு இறங்கியது. போல்ட்டுகளை முழு இறுக்கத்தில் முறுக்கிய நிலையில் எடுத்த அளவு இது. தளர்வாக இருக்கும்போது எடுக்கும் அளவு ஏமாற்றும்.

நீள அளவு மட்டும் எஞ்சியது. ஹவுசிங்கின் பின்முகத்திலிருந்து புஷ்ஷின் வாய் வரையும், துளையின் அடி வரையும், பெட்டியின் முகத்திலிருந்து மூக்கின் நுனி வரையும் ஆழமானியால் அளந்து கழித்துப் பார்த்ததில், மூக்கு புஷ்ஷுக்குள் 11 மில்லிமீட்டர் நுழைவதும், அதன் நுனி கிராங்கில் முட்டாமல் போதிய வெளி இருப்பதும் உறுதியானது.

கிளட்ச் பிளேட்டை மையக் கருவியால் நிறுத்தி, இரு நீண்ட ஸ்டட்களை வழிகாட்டியாக முறுக்கி, பெட்டியை அவற்றின் மேல் நேராகத் தள்ளினோம். வார்ப்பிரும்பு உடல் கொண்ட இந்தப் பெட்டியின் எடை ஒரு கணம் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கினால்கூட கிளட்ச் பிளேட்டின் மையம் வளையும், புதிய புஷ்ஷின் வாயும் நசுங்கும். போல்ட்டை முறுக்கிப் பெட்டியை உள்ளே இழுக்கக் கூடாது. முகங்கள் இரண்டும் கையழுத்தத்திலேயே சேர வேண்டும், சேர்ந்தன.

வண்டியை நன்கு சூடாகும்வரை ஓட்டிய பிறகு பெடலை மிதித்துச் சில நொடிகள் பொறுத்துப் போட்டபோது ரிவர்ஸ் ஓசையின்றி விழுந்தது. முதல் கியரில் மிதித்து நின்றபோது கிறீச்சொலி இல்லை. சக்கரங்களைத் தூக்கி முன்பு செய்த கைச்சோதனையை அதே சூட்டில் மறுபடி செய்தபோது புரொபெல்லர் ஷாஃப்ட் இரு திசையிலும் தடையின்றிச் சுழன்றது. மூக்கு, உள்விட்டம், ஹவுசிங்கின் ஆட்டம், நுழையும் ஆழம் ஆகிய நான்கு அளவுகளையும் எழுதி, விலகு பின்கள் எந்தத் திசை நோக்கி நிற்கின்றன என்ற வரைபடத்தோடு உரிமையாளரிடம் கொடுத்தோம். அடுத்து யார் இந்தப் பெட்டியை இறக்கினாலும் அந்தப் பின்களைச் சாதாரணப் பின்கள் என்று எண்ணித் திருப்பிவிடக் கூடாது. நீண்ட நேரம் நிற்கும் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து பெடலை விட்டுவிடும்படியும் சொன்னோம். புஷ் உரசுவது பெடல் கீழே இருக்கும் நேரத்தில் மட்டும் என்பதால், அதன் ஆயுளில் பெரும்பகுதி ஓட்டுநரின் இடது காலைப் பொறுத்தே அமைகிறது.